எந்தச் சங்கிலி, எந்தப் பரராசசேகரன்?

நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளேந்தி நிற்கும் சங்கிலியன் சிலையைப் பார்க்காத யாழ்ப்பாணத்தவர் இருக்க மாட்டார்கள். 1974இல் நிறுவப்பட்டு, 2011இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சிலை. அதனடியில் நின்று ஒரு பள்ளிப் பிள்ளையிடம் "இவர் ஆர்?" என்று கேட்டால், "யாழ்ப்பாணத்தின்ர கடைசி ராசா, போர்த்துக்கேயரை எதிர்த்தவர்" என்று சொல்லும். மன்னாருக்குப் போய், தோட்டவெளிப் பக்கம், வேதசாட்சிகளை நினைந்து மெழுகுதிரி கொளுத்துகிற ஒரு அம்மாவிடம் சங்கிலி ராசா யார் என்று கேட்டால் வேறு கதை வரும்: வேதத்தில் சேர்ந்த குற்றத்துக்காக எங்கள் சனத்தை வெட்டுவித்தவன்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் அவர்கள் சொல்வது ஒரே மனிதனைப் பற்றியல்ல. மன்னாரில் கிறிஸ்தவத்துக்கு மதம் மாறிய அறுநூறு பேரளவில் கொல்லப்பட்டது 1544இல். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேராவிடம் வீழ்ந்தது 1619இல். இடையில் 75 ஆண்டுகள். முதற் சம்பவத்தின் சங்கிலி 1519இல் அரசுக்கு வந்து 1561 வரை ஆண்டவன் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. இரண்டாமவன், சங்கிலி குமாரன் என்று அறியப்பட்டவன், 1617இல் அரண்மனைக்குள் இரத்தம் சிந்தி ஆட்சியைப் பிடித்தவன். இரண்டே ஆண்டில் அதை இழந்து, பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மரணதண்டனை பெற்றவன். இருவருக்கும் இடையே புவிராச பண்டாரம், காசி நயினார், பெரியபிள்ளை, எதிர்மன்னசிங்கம் என்று அரசர்கள் வந்து போயிருக்கிறார்கள்.

இந்த இருவரும் நம் மனத்தில் எப்படி ஒருவரானார்கள்? பழியில் பெரும்பங்கு ஒரே நூலுக்குரியது. மாதகல் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்த அதிகாரி மக்கறா கேட்டுக்கொண்டபடி, 1736 அளவில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலைதான் அது. அந்த நூலுக்குத் தெரிந்த சங்கிலி ஒருவன்தான். பரராசசேகரனுக்கு மங்கத்தம்மாள் என்ற காமக்கிழத்தி வயிற்றில் பிறந்து, பட்டத்துக்குரிய அண்ணன்மாரை நஞ்சாலும் வாளாலும் தீர்த்து, மன்னாரில் கொலை செய்வித்து, கடைசியில் போர்த்துக்கேயர் கையில் அகப்பட்டுச் சாகிறவனும் அவனே. 1519க்கு முன்பே அண்ணன்மாரைக் கொல்லும் வயதில் இருந்தவன் 1619இல் போர்க்களத்தில் நிற்பதென்றால் அவனுக்கு வயது நூற்றுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். புலவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு அழிந்து நூறு ஆண்டுக்கு மேல் கழிந்த பின், கர்ணபரம்பரைக் கதைகளையும் கைக்கு எட்டிய ஓரிரு ஏடுகளையும் வைத்துக்கொண்டு அவர் எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் பல பெயர்களே நமக்கு வந்து சேர்ந்திரா. ஆனால் அவர் பின்னிய ஒற்றைச் சங்கிலியை, போர்த்துக்கீச ஏடுகள் கைக்கு வந்த பிறகும் நாம் அவிழ்க்காமல் விட்டது நம்முடைய பிழை.

இதில் இரண்டு பக்கமும் நட்டப்படுகிறது. மன்னாரில் செத்தவர்களின் பழி, அந்தக் கொலை நடந்தபோது பிறந்தேயிராத ஒருவன்மேல் விழுகிறது. அந்நியப் படைக்கு முன் நாட்டை இழந்து தூக்கிச் செல்லப்பட்டவனின் துயரம், நாற்பது ஆண்டு ஆண்ட இன்னொருவனின் வரலாற்றுக்குள் மறைகிறது. முதலாம் சங்கிலியும் போர்த்துக்கேயரை எதிர்த்தவன்தான். 1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா பெரும் படையோடு நல்லூரைப் பிடித்தபோது பின்வாங்கி, மக்கள் கிளர்ச்சியோடு அவர்களைத் திரும்ப ஓட வைத்தவன். அவன் தன் வீரத்துக்கும் தன் கொடுமைக்கும் தானே உரியவன். இரண்டாமவன் அரியணைக்கு வந்த விதம் நல்லதல்ல. அந்தக் கணக்கும் அவனுடையதாகவே இருக்கட்டும்.

சங்கிலி என்பது இயற்பெயர். அதனால் இந்தச் சிக்கலை ஆண்டுகளை வைத்தே அவிழ்த்துவிடலாம். பட்டப்பெயர்களுக்கு வந்தால்தான் முடிச்சு உண்மையாக இறுகுகிறது.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அரியணை ஏறும்போது இரண்டு பெயர்களில் ஒன்றை மாறி மாறிச் சூடினார்கள். ஒன்று செகராசசேகரன், மற்றது பரராசசேகரன். செகம் என்றால் உலகம். உலகத்து அரசர்க்கெல்லாம் முடி போன்றவன் முன்னவன். பரம் என்றால் பிற. பிற அரசர்க்கு முடி போன்றவன் பின்னவன். ஒருவன் செகராசசேகரன் என்றால் அடுத்து ஏறுகிறவன் பரராசசேகரன், அதற்கடுத்தவன் திரும்பவும் செகராசசேகரன். இவற்றுக்கு மேலே எல்லோருக்கும் பொதுவாகச் சிங்கையாரியன் என்ற அடையும், ஆரியச் சக்கரவர்த்தி என்ற குலப்பட்டமும் உண்டு. ஆகவே ஓர் ஏட்டில் "செகராசசேகர மகாராசா" என்று கண்டால், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் வந்த அரசர்களில் பாதிப் பேரில் யாராகவும் அது இருக்கலாம்.

இந்த முறை நமக்கு அந்நியமானதல்ல. நம் வீடுகளிலேயே நடக்கிறது. மூத்த பேரனுக்குப் பேரன் பெயரை, அதாவது பாட்டனார் பெயரை, இடுவது யாழ்ப்பாணத்து வழக்கம். தகப்பன் பெயரை முன்னே எழுதுவதும் வழக்கம். ஒரு குடும்பத்தில் கந்தையாவின் மகன் ஆறுமுகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கந்தையா ஆறுமுகம். அவருடைய மூத்த மகனுக்குப் பாட்டன் பெயர் வரும். அவர் ஆறுமுகம் கந்தையா. அவருடைய மகன் திரும்பவும் கந்தையா ஆறுமுகம். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஓர் எழுத்துக்கூட வித்தியாசமில்லாத முழுப்பெயர்.

என் அம்மம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1995 இடப்பெயர்வில் உடுப்புகளை விட்டுவிட்டு வந்தோம், அந்தப் பெட்டியை விடவில்லை. உள்ளே காணி உறுதிகள். மஞ்சளேறி, மடித்த இடமெல்லாம் கிழிந்து, சில உறுதிகளில் கறையான் அரித்த ஓட்டை. ஒருநாள் ஓர் உறுதியை எடுத்து, "இது பூட்டன்ர காணிதானே?" என்றேன். பெயர் அப்படியே பொருந்தியது. அம்மம்மா பெயரைப் பார்க்கவே இல்லை. "எல்லையை வாசி மோனை" என்றார். வடக்கு இன்னார், கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் பெண்சாதி என்று வாசித்தேன். "அப்ப இது எங்கட ஆள் இல்லை. அந்த மனிசி கலியாணம் கட்டி வந்தது பூட்டன் செத்தாப் பிறகு. இது அவற்ற பேரன், கிணத்தடி வளவார்." பெயர் ஒன்றும் சொல்லாத இடத்தில் அக்கம்பக்கத்துக் காணிக்காரர் சாட்சி சொன்னார்கள்.

அரசர்களை இனங்காண்பதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். பட்டப்பெயரை வைத்து மல்லுக்கட்டுவதை விட்டு, அந்தப் பெயருக்கு நான்கு பக்கமும் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சோழரும் பாண்டியரும் இதே குழப்பத்தைத் தங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு விட்டுச் சென்றவர்கள்தான். சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடினார்கள். பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்று. முதலாம் இராசராசன் இராசகேசரி, அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பரகேசரி. ஆனால் இது தகப்பன், மகன், பேரன் என்ற வரிசையைக் காட்டும் பெயரென்று நினைத்தால் தடுக்கி விழுவோம். இராசேந்திரனுக்குப் பின் இராசாதிராசன் இராசகேசரி, இரண்டாம் இராசேந்திரன் பரகேசரி, வீரராசேந்திரன் இராசகேசரி. இந்த மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட அண்ணன் தம்பிகள். தலைமுறை மாறவில்லை, அரியணையில் ஆள் மாறியது, பட்டமும் மாறியது. பட்டம் அரியணைக்குரியது, ஏறுகிறவர் அதை அணிகிறார், அவ்வளவுதான்.

சோழ ஆய்வாளருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. சோழக் கல்வெட்டு பட்டத்தோடு நிற்பதில்லை, செயலையும் சேர்த்துச் சொல்லும். "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்றால் முதலாம் பராந்தகன். "பாண்டியன் தலைகொண்ட" என்றால் இரண்டாம் ஆதித்தன். கங்கையும் கடாரமும் கொண்டவன் என்றால் விளக்கமே வேண்டாம். அடைமொழி எதுவும் இல்லாமல் "கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு" என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டுகள்தான் இன்றும் தலைவலி. பாண்டியர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஒரே காலத்தில் பல பாண்டியர் வெவ்வேறு இடங்களிலிருந்து ஆண்டார்கள். பெயர்களும் குலசேகரன், சுந்தரன், வீரன், விக்கிரமன் என்று சுற்றிச் சுற்றி வரும். அங்கே கைகொடுத்தது வானம். கல்வெட்டில் ஆட்சியாண்டோடு கிழமை, திதி, நட்சத்திரம் குறித்திருந்தால், அந்தச் சேர்க்கை எந்த ஆண்டில் எந்த நாளில் வந்தது என்று கணக்கிட்டு ஆளைப் பிரித்தார்கள். கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றவர்கள் பஞ்சாங்கக் கணிதத்தைக் கொண்டு இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த இரண்டு வசதியும் பெரிதாக இல்லை. நல்லூரில் இருந்ததைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. எஞ்சியவற்றுள் மிகுதியாகக் கிடைப்பது காசு. ஒரு சேதுக் காசை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தேய்ந்த செப்பு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், அரசன் என்று கொள்கிறோம். திருப்பினால் படுத்திருக்கும் நந்தி. அதனடியில் தமிழில் "சேது" என்ற இரண்டெழுத்து. அவ்வளவுதான். அடித்தவன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. இராமேசுவரச் சேதுவைக் காப்பவர் நாங்கள் என்ற குலப்பெருமையைப் பறைசாற்றுவதற்காக அடித்த காசு அது. அதை அடித்தவன் தன்னை ஒரு தனி ஆளாக நினைத்திருந்தால் தன் பெயரைப் பொறித்திருப்பான். அந்தக் குலத்தில் ஒருவனாக நினைத்தான், சேது என்று பொறித்தான். பட்டப்பெயர்களுக்கும் காரணம் அதே மனநிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேகாலைப் பகுதியில், கோட்டகமவில், ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சிங்கைநகர் ஆரியனோடு சேராத அரசர்களின் பெண்டிர் கண்ணீர் விட்டதைப் பாடும் அழகான வெண்பா அது. வென்றவன் சிங்கைநகர் ஆரியன் என்பது தெரிகிறது. எந்த ஆரியன் என்று வெண்பா சொல்லவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. எழுத்தின் வடிவை வைத்துத்தான் காலத்தை மதிப்பிட வேண்டியிருந்தது. அதில் அறிஞர்கள் மாறுபட்டார்கள்.

வெளியாட்கள் எழுதியவையும் இப்படித்தான். 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, புத்தளக் கரையில் தன்னை உபசரித்த அரசனை "ஐரி சக்கரவத்தி" என்கிறார். முத்துக்குவியலைக் காட்டியதையும், அரசன் பாரசீகம் விளங்கிக்கொண்டதையும், பாவா ஆதம் மலைக்கு, நாம் சிவனொளிபாதம் என்பதற்கு, போக ஏற்பாடு செய்து கொடுத்ததையும் விரிவாக எழுதியவர், அவன் பெயரை எழுதவில்லை. அவர் கேட்டது குலப்பட்டத்தை மட்டும். ஆனால் அவர் நமக்கு ஆண்டைத் தந்துவிட்டார். மறுபக்கத்தில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்து மெதவெலச் சிங்களக் கல்வெட்டு மார்த்தாண்டப் பெருமாள் என்றொருவரைக் குறிக்கிறது. வைபவமாலை வரிசையிலும் மார்த்தாண்ட சிங்கையாரியன் உண்டு. இந்த மூன்று எல்லைகளையும் ஒன்றாக வைத்தால்தான் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் நின்ற ஒரு மனிதனுக்கு முகம் கிடைக்கத் தொடங்குகிறது. அப்போதும் "பெரும்பாலும்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

அதற்கும் முன்னே, 1284 அளவில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் அனுப்ப, ஓர் ஆரியச் சக்கரவர்த்தி படையோடு வந்து யாப்பகூவாவிலிருந்து புத்தரின் தந்தத்தைக் கொண்டுசென்றான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அவன் பாண்டியரின் அமைச்சன் என்கிறது அந்நூல். யாழ்ப்பாணத்தில் அரியணை ஏறியவன் அவனா, அவன் வழி வந்தவனா? பட்டம் ஒன்றாக இருப்பது உறவைக் காட்டும், ஆளைக் காட்டாது.

இனி 15ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். இங்கேதான் என் மனம் அதிகம் தங்குகிறது, ஏனென்றால் இந்தக் குழப்பம் இன்றும் நல்லூர்க் கந்தன் சந்நிதியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

திருவிழாவில் கட்டியம் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். மேளம் ஓய்ந்து, சனம் அமைதியாகி, கட்டியகாரர் குரலெடுத்து வடமொழி அடுக்குகளாகச் சொல்லிக்கொண்டு போகையில், நடுவில் ஒரு பெயர் வரும்: சூரியகுல வம்சத்தில் உதித்த ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு. ஆரியச் சக்கரவர்த்தி ஒருவரின் பெயரும் அல்ல அது. கைகூப்பி நிற்கும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் அந்தப் பெயரில் காது வைக்கிறார்களோ தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கும்.

யார் இந்தப் புவனேகபாகு? கைலாயமாலை என்ற பழைய நூலும் வைபவமாலையும் புவனேகவாகு என்ற ஒருவரை முதல் ஆரிய அரசனின் அமைச்சராகச் சொல்லி, அவர் சக ஆண்டு 870இல், அதாவது கி.பி. 948இல், நல்லூர் நகரையும் கந்தசுவாமி கோயிலையும் கட்டுவித்ததாகக் காலம் குறிக்கின்றன. ஆரியச் சக்கரவர்த்திகளின் வரிசை 13ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது என்பதால் அந்த ஆண்டு பொருந்தாது. இலங்கை அரசர்களிடையே புவனேகபாகு என்ற பெயரில் ஏழு பேரை வரலாற்றாசிரியர்கள் எண்ணுகிறார்கள். யாப்பகூவாவில் ஆண்டவன் முதலாமவன். 1551இல் களனியில் போர்த்துக்கேயத் துப்பாக்கிக்குப் பலியான, கொழும்பை அடுத்த கோட்டை இராச்சியத்தின் அரசன் ஏழாமவன். "சங்கபோதி" என்பது உதவுமா? அதுவும் பட்டம்தான். பழைய சிங்கள அரசர்கள் சிறிசங்கபோ, அபயசலமேவன் என்ற இரண்டை மாறி மாறிச் சூடினார்கள். பிற்காலத்தில் கோட்டை அரசர்கள் சிறிசங்கபோ ஒன்றையே எல்லோரும் சூடினார்கள். அதனால் அந்தச் சொல் சிங்கள அரியணையைச் சுட்டும், அதில் இருந்த ஆளைச் சுட்டாது.

ஆளைக் காட்டுவது எல்லைகள்தான். கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்புமகன் சப்புமல் குமாரயன், நம்மவர் செண்பகப் பெருமாள் என்று அழைத்தவன், 1450 அளவில் யாழ்ப்பாணத்தை வென்றான். கனகசூரிய சிங்கையாரியன் பிள்ளைகளோடு தமிழகத்துக்குப் போனான். பதினேழு ஆண்டளவு செண்பகப் பெருமாள் இங்கிருந்து ஆண்டான். பின்பு கோட்டைக்குத் திரும்பி அரியணையைப் பிடித்து ஆறாம் புவனேகபாகு ஆனான். நல்லூரில் கோயில் கட்டக்கூடிய இடத்திலும் காலத்திலும் இருந்த புவனேகபாகு இவனே என்று பலர் கொள்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு அமைச்சர் ஒருவரே முதலில் கட்டினார், இவன் திரும்பக் கட்டினான் என்போரும் உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது புவனேகபாகு அல்லன். அந்தப் பெயர் கோட்டை அரியணையோடு பின்னால் வந்தது. பிற்காலப் பட்டத்தை முற்காலச் செயலுக்குச் சூட்டித்தான் கட்டியம் அவனை அழைக்கிறது. ஒரே ஆள், மூன்று பெயர். ஏட்டில் தனித்தனியே பார்த்தால் மூன்று ஆள். சங்கிலியில் நடந்ததற்கு நேர் எதிர்.

கனகசூரியன் 1467இல் திரும்பி வந்து அரசை மீட்டான். அவனுடைய இரண்டு பிள்ளைகளின் பெயரை வைபவமாலை சொல்கிறது: மூத்தவன் பரராசசேகரன், இளையவன் செகராசசேகரன்! அரியணையில் மாறி மாறி வரவேண்டிய இரண்டு பட்டமும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக. 1478இல் அண்ணன் அரசனானான். தம்பி தமிழ்ப் புலவர்களையும் ஏடுகளையும் பேணினான் என்பது மரபு. அப்படியானால் அந்தத் தம்பியை அரசர் வரிசையில் எண்ணலாமா? அரசனாகாதவனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? நம் காலத்துப் பட்டியல்களில் "செகராசசேகரன்" என்ற பெயருக்குக் கீழே இவனையும் இவனுக்குப் பின் வந்த சங்கிலியையும் குழப்பிக்கொள்வது மிக எளிது, ஏனென்றால் சங்கிலியும் செகராசசேகரனே.

செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள், செகராசசேகர மாலை என்ற சோதிட நூல் எல்லாம் இந்த அரசர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெயரை மட்டும் வைத்து அந்த ஏடுகளுக்குக் காலம் கணிப்பது, பெட்டியில் இருந்த உறுதியைப் பெயரைப் பார்த்துப் பூட்டனுக்கு எழுதிவைத்த என் வேலையைப் போன்றதுதான்.

முதலாம், இரண்டாம், ஏழாம் என்ற எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த அரசனும் தன்னை "ஏழாம் செகராசசேகரன்" என்று அழைத்துக்கொள்ளவில்லை. அந்த எண்கள் பின்னால் வந்தவர்கள் இட்டவை. முதலியார் செ. இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1978இலும் யாழ்ப்பாண அரசு பற்றி எழுதினார்கள். தொடக்கம் பற்றி அவர்களிடையே ஒரே முடிவு இல்லை. 1215இல் பொலநறுவையைப் பிடித்த காலிங்க மாகனோடு வரிசையைத் தொடங்கினால் ஓர் எண்ணிக்கை வரும். பாண்டியப் படையோடு வந்த ஆரியச் சக்கரவர்த்தியோடு தொடங்கினால் வேறு எண்ணிக்கை வரும். தலையில் ஒருவர் கூடினால் கீழே உள்ள எல்லாருக்கும் எண் மாறும். அதனால்தான் ஒரு புத்தகத்தில் ஆறாமவனாக இருப்பவன் இன்னொன்றில் ஐந்தாமவனாக இருக்கிறான். வாசிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எண்ணை நம்பி எழுதாதீர்கள். இயற்பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். "1478 முதல் 1519 வரை ஆண்ட பரராசசேகரன்", "எதிர்மன்னசிங்கப் பரராசசேகரன்" என்று எழுதினால் யாருக்கும் மயக்கம் வராது.

கடைசியாகச் சொன்ன அந்த இருவரையும் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரசகேசரி ஓர் உதாரணம். காளிதாசரின் காவியத்தைத் தழுவித் தமிழில் இரகுவமிசம் பாடியவர். பரராசசேகரனின் மருகன் என்பது மரபு. எந்தப் பரராசசேகரன்? கனகசூரியனின் மகன் என்றால் அரசகேசரி 1500ஐ ஒட்டி வாழ்ந்தவர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் காலே வைக்காத காலம். எதிர்மன்னசிங்கம் என்றால் 1600ஐ ஒட்டியவர். 1591இல் அந்திரே புர்த்தாடோ தெ மென்டொன்சா நல்லூரைப் பிடித்துப் புவிராச பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் வைத்த பிறகு, சுதந்திரம் ஊசலாடிக்கொண்டிருந்த ஓர் அரண்மனையில் இருந்து இரகுவின் குலப்பெருமையைப் பாடியவர் ஆகிறார். அதே பாட்டு, வேறு நூற்றாண்டு. வாசிக்கையில் மனத்தில் ஏறும் பாரமும் வேறு.

பிற்கால ஆய்வாளர் பலர் எதிர்மன்னசிங்கத்தின் பக்கமே சாய்கிறார்கள். அப்படிக் கொண்டால் இன்னொரு கேள்வி எழுகிறது. எதிர்மன்னசிங்கம் இறந்தபோது பட்டத்துக்குரிய பிள்ளை சிறுவன். அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்ள நின்றவரின் பெயரும் அரசகேசரி. 1617இல் சங்கிலி குமாரன் கொன்றது அந்த அரசகேசரியை. கவிஞரும் கொல்லப்பட்டவரும் ஒருவரா, ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் கொண்ட இருவரா? ஒருவரே என்றால், முத்திரைச் சந்தியில் வாளோடு நிற்பவனின் கையால் தமிழ் ஒரு மகாகவியை இழந்திருக்கிறது. இருவர் என்றால் அந்தப் பழி இல்லை. உறவுமுறையும் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் ஒருவரே என்று நினைக்கத் தோன்றுகிறது. பெயரைத் தவிர வேறு எல்லை ஒன்றும் கையில் கிடைக்காத வரை நான் அதை உறுதியாக எழுத மாட்டேன்.

பருத்தித்துறை வீதியில் கோப்பாய் தாண்டிப் போனால் நீர்வேலி. அங்கே ஒரு பிள்ளையாருக்கு அரசகேசரிப் பிள்ளையார் என்று பெயர். கோயிலடியில் இறங்கிக் கேட்டால், அரசகேசரி கும்பிட்ட பிள்ளையார் என்று சொல்வார்கள். எந்த அரசகேசரி என்று நான் கேட்டபோது, திருநீற்றுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த ஐயர் ஒரு கணம் யோசித்தார். "இரகுவமிசம் பாடினவர்" என்றார். பிறகு, "அவரைத்தானே கொன்றவங்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.